ஹெல்மெட்டுக்குள் வீசும் காற்று

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பி ஜெபல் ஜைஸ் மலைக்குப் பைக்கில் போய்விட்டு, வெயில் ஏறுவதற்குள் ஷார்ஜா வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அம்மா ஏதோ கேட்டார். வாய் அசைந்தது தெரிந்தது, வார்த்தை விளங்கவில்லை. காதுக்குள் 'கொய்ங்' என்று ஒரே சுருதியில் ஒரு சத்தம். அன்று மாலை வரை அது போகவில்லை.

முதலில் என் பைக்கின் சைலன்சர்மீதுதான் சந்தேகப்பட்டேன். எஞ்சினியரிங் படித்தவனுக்கு இருக்கும் கெட்ட பழக்கம், எதிலும் மெஷினைத்தான் முதலில் குறை சொல்வோம். மறுவாரம் அதே சாலையில், இறக்கத்தில், கிளட்சைப் பிடித்துக்கொண்டு எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுப் பார்த்தேன். (நீங்கள் இதைச் செய்ய வேண்டாம்.) இரைச்சல் கொஞ்சமும் குறையவில்லை. அது எஞ்சின் சத்தமே இல்லை, காற்று.

ஹெல்மெட் என்ற பொருள் வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை வருடத்தில் காற்றின் சத்தத்தை ஏன் ஒருவரும் வெளியே நிறுத்தவில்லை? இந்தக் கேள்வியோடு தேடப் போய், வேறொரு கதைக்குள் மாட்டிக்கொண்டேன். அந்தக் கதையின் நடுவில் நிற்பவர் உங்களுக்குத் தெரிந்த ஆள்தான்.

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் 1962-ல் வந்தது. ஒட்டகங்களும் பாலைவனமும் நிறைந்த அந்தப் படம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? ஒரு பைக் விபத்தில். டி. இ. லாரன்ஸ் முதல் உலகப்போரில், ஒட்டோமான் ஆட்சிக்கு எதிரான அரபுக் கிளர்ச்சியில் பங்கெடுத்த பிரிட்டிஷ் அதிகாரி. அவர் திரிந்தது நம்முடைய வளைகுடாக் கரையில் அல்ல. செங்கடல் பக்கம், ஹிஜாஸிலும் அகபாவிலும். போர் முடிந்து ஊர் திரும்பியவர், பெயரை மாற்றிக்கொண்டு விமானப்படையில் சாதாரண ஆளாகச் சேர்ந்தார். ஒட்டகத்தின் இடத்தைப் பைக் பிடித்துக்கொண்டது. ஜார்ஜ் பிரஃப் என்பவர் நாட்டிங்ஹாமில் செய்த பிரஃப் சுப்பீரியர் பைக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வாங்கினார். அதில் எஸ்எஸ்100 என்ற மாடல், மணிக்கு 100 மைல், அதாவது 160 கி.மீ. போகும் என்ற உத்தரவாதத்தோடு விற்கப்பட்டது. தன் பைக்குக்கு அவர் வைத்த பெயர் 'போவனெர்கேஸ்'. பைபிளில் வரும் சொல், இடியின் மக்கள் என்று பொருள். சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

1935 மே 13 அன்று இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், தன் வீட்டுக்குப் பக்கத்துச் சாலையில், சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள்மேல் மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பினார். தூக்கி எறியப்பட்டார். தலையில் அடி. ஹெல்மெட் இல்லை. ஆறு நாள் நினைவே திரும்பாமல் மே 19 அன்று இறந்தார். வயது 46.

அவரைப் பார்க்க வந்த டாக்டர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ், ஆஸ்திரேலியாவில் பிறந்த மூளை அறுவை நிபுணர். அந்த மரணம் அவரை விடவில்லை. அடுத்து வந்த உலகப்போரில், செய்தி கொண்டு ஓடும் ராணுவ பைக்காரர்கள் சண்டையே இல்லாமல் சாலையில் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தலைக்காயங்களை எல்லாம் கெய்ர்ன்ஸ் கணக்கெடுத்தார். 1941-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. ஹெல்மெட் போட்டிருந்து அடிபட்டவர்கள் என்று அவருக்குக் கிடைத்தது ஏழே ஏழு பேர். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். இன்றைக்கு ஏழு பேரை வைத்துக்கொண்டு ஆய்வு என்று போனால் துரத்தி விடுவார்கள். ஆனால் அதே 1941 நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் பைக் ஓட்டும் எல்லோருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அந்தச் சட்டம் வர 1973 ஆனது.

கெய்ர்ன்ஸுக்கு முன்னாலும் ஒருவர் இருந்தார். ப்ரூக்லாண்ட்ஸ் பந்தயத் திடலில் டாக்டராக இருந்த எரிக் கார்ட்னர், தலையில் அடிபட்டு வரும் பைக்காரர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், கேன்வாஸ் துணியில் அரக்கு பூசி ஒரு தொப்பி செய்ய வைத்தார். 1914-ல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் அதைக் கட்டாயமாக்கினார்கள். அரக்கு என்றால் நம்ம ஊர் அரக்குதான். அந்தக் காலத்தில் உலகத்துக்கே அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போனது. எங்கோ ஒரு மரத்தில் பூச்சி கசியவிட்ட பிசின் இங்கிலாந்தில் ஒருவன் மண்டையைக் காப்பாற்றியது என்று நினைத்துப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த அரக்குத் தொப்பியும் சரி, அதற்குப் பிறகு வந்த கிண்ணம் போன்ற ஹெல்மெட்டுகளும் சரி, காதுக்கு மேலேயே முடிந்துவிட்டன. காதை ஒரு தோல் பட்டைதான் மூடியது. பழைய பந்தயப் படங்களைத் தேடிப் பாருங்கள். 1953-ல் அமெரிக்காவில் சார்லஸ் லம்பார்ட் என்பவர், அடியின் வேகத்தை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும் ஹெல்மெட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். வெளியே கடினமான ஓடு, உள்ளே நசுங்கிக் கொடுக்கும் அடுக்கு. நீங்கள் இன்று போடும் ஹெல்மெட்டின் உள்ளே இருப்பதும் அதே யோசனைதான், பொருள் மட்டும் டிவி பெட்டியோடு வரும் தெர்மோகோலின் நெருங்கிய சொந்தம். முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட் 1960களின் கடைசியில் வந்தது. 1968 ஜெர்மன் கிராண்ட் ப்ரீயில் டான் கர்னி அதைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டியபோது ஃபார்முலா ஒன் ஆட்கள் அதிசயமாகப் பார்த்தார்கள்.

தலை, முகம், தாடை, காது, எல்லாம் மூடியாகிவிட்டது. இனி உள்ளே அமைதிதான் என்றுதானே நினைப்போம்?

நம்ம ஊரில் அப்படித்தான் நினைத்தார்கள். தமிழ்நாட்டில் 2007-லும் பிறகு 2015-லும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோது டீக்கடை டீக்கடையாகப் பேசப்பட்ட எதிர்ப்பு, "அதைப் போட்டா பின்னாடி வர்ற ஹாரன் கேக்காது" என்பது. இளையான்குடியில் புல்லட் ஓட்டிய எங்கள் அத்தா இன்றும் இதையே சொல்வார். திருவொற்றியூரில் 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு தொழிற்சாலையில் பிறந்த வண்டி அது. அதன் 'தடதட'வைத் தாண்டி எந்த ஹாரன் அத்தாவுக்குக் கேட்டது என்பது தனி விஷயம். 1990களில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறைக்காக இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஹெல்மெட் இல்லாமல், அரை ஹெல்மெட்டோடு, முழு ஹெல்மெட்டோடு என்று ஆட்களை ஓட்டவிட்டு, ஹாரன் எப்போது கேட்கிறது என்று குறித்தார்கள். மூன்றுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மணிக்கு 48 கி.மீ. வேகத்தைவிட 80 கி.மீ. வேகத்தில் ஹாரனை இன்னும் சத்தமாக அடிக்க வேண்டியிருந்தது. ஹாரனை மறைத்தது ஹெல்மெட் இல்லை, காற்று.

இங்கே கொஞ்சம் இயற்பியல், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜெட் விமானங்கள் வந்தன. அவற்றின் சத்தம் தாங்க முடியாமல் போனபோது, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லைட்ஹில் என்ற கணித மேதை, காற்று எப்படிச் சத்தம் போடுகிறது என்று 1952-ல் சமன்பாடு எழுதினார். மூன்று வருடம் கழித்து கர்ல் என்பவர் அதை இன்னும் நீட்டினார். காற்றின் வழியில் ஒரு திடப்பொருள் குறுக்கே நின்றால் என்ன ஆகும்? காற்று சுழல்களாகச் சிதறி அந்தப் பொருளை மோதும். அதிலிருந்து வரும் சத்தத்தின் ஆற்றல், தோராயமாக வேகத்தின் ஆறாம் அடுக்காக ஏறும். விமானத்துக்காகப் போட்ட கணக்கு, ஆனால் குறுக்கே நிற்பது இறக்கையா உங்கள் தலையா என்று காற்று பார்ப்பதில்லை.

ஆறாம் அடுக்கு என்றால் எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். வேகம் இரண்டு மடங்கானால் சத்தத்தின் ஆற்றல் 64 மடங்கு, டெசிபலில் சொன்னால் 18 கூடுதல். 100 கி.மீ. வேகத்திலிருந்து 120-க்கு ஏற்றினால் மூன்று மடங்கு.

1980களிலும் 90களிலும் ஓட்டுபவர்களின் காதருகே சின்ன மைக் வைத்து அளந்தபோது வந்த எண்கள் பயமுறுத்துகின்றன. மணிக்கு 65 கி.மீ. வேகத்திலேயே ஹெல்மெட்டுக்குள் 90 டெசிபல் அளவுக்கு வருகிறது. 160-ல் 110. ஹெல்மெட்டுக்கு ஹெல்மெட் மாறும், ஆனால் அதிகம் மாறுவதில்லை. அமெரிக்கத் தொழில் நலத்துறையின் கணக்குப்படி ஒரு நாளைக்கு 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 91-ல் 2 மணி நேரம். 100-ல் 15 நிமிடம். ஜெபல் ஜைஸ் போய் வர எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தெர்மோகோல் இதை ஏன் தடுக்கவில்லை? அது தடுப்பது கிரீச்சென்ற உயர்சுருதிச் சத்தங்களை. காற்றின் இரைச்சல் பெரும்பாலும் அடித்தொண்டைச் சத்தம், 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே. பக்கத்து ஃபிளாட்டில் பாட்டு போட்டால் சுவர் வழியாக வார்த்தை வராது, பேஸ் மட்டும் 'தும் தும்' என்று வரும் இல்லையா, அதே கதைதான். இங்கிலாந்தில் பாத் நகரத்து ஆய்வாளர்கள் ஹெல்மெட்டை விண்ட் டனலில் வைத்து, சத்தம் எங்கிருந்து உள்ளே வருகிறது என்று தேடினார்கள். அவர்களின் முடிவு 2011-ல் வெளியானது. எல்லோரும் சந்தேகப்பட்ட மேல்புற வென்ட்டுகள் அல்ல பெரிய குற்றவாளி. தாடைக்குக் கீழே, கழுத்துப் பக்கம் திறந்திருக்கும் அந்த வாய்தான். நாம் தலையை நுழைக்கும் அதே ஓட்டை.

காற்றையே தலைக்கு வரவிடாமல் செய்தால் என்ன என்று யோசித்தவர்களும் உண்டு. மோட்டோ குஸ்ஸி கம்பெனி 1950-ல் இத்தாலியில் தன் தொழிற்சாலைக்குள்ளேயே, ஆளோடு வண்டியை நிறுத்திச் சோதிக்கும் அளவுக்கு விண்ட் டனல் கட்டியது. ஆனால் அது வேகத்துக்காக, காதுக்காக அல்ல. 1976-ல் பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ் என்ற பைக், விண்ட் டனலில் வடிவமைத்த முழுக் கவசத்தோடு சாலைக்கு வந்தது. அதற்குள் அமெரிக்காவில் கிரெய்க் வெட்டர் என்பவர் எந்த பைக்கிலும் மாட்டக்கூடிய விண்ட்ஷீல்டுகளைச் செய்து விற்கத் தொடங்கியிருந்தார். நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்கு நெஞ்சில் காற்று அடிப்பது நின்றது. சத்தம் நிற்கவில்லை, சிலருக்குக் கூடவே செய்தது. விண்ட்ஷீல்டின் மேல் விளிம்பைத் தாண்டும் காற்று அங்கே கிழிபட்டுச் சுழல்களாகிறது. உங்கள் உயரத்துக்கு அந்தச் சுழல் சரியாக ஹெல்மெட்டில் வந்து மோதினால், விண்ட்ஷீல்டே இல்லாத வண்டியைவிட மோசம். நானே ஒன்றை வாங்கி மாட்டி, ஒரு மாதம் தலைவலியோடு ஓட்டி, கழற்றி வைத்திருக்கிறேன். நின்றுகொண்டு ஓட்டிப் பார்த்தேன், சத்தம் குறைந்தது. தலை சுழலுக்கு மேலே, சுத்தமான காற்றில் இருந்ததுதான் காரணம். அதற்காக அல் ஐன் வரை நின்றுகொண்டே போக முடியுமா?

கழுத்து ஓட்டையை மூடச் சொல்கிறார்கள் ஐரோப்பியர்கள். கழுத்தைச் சுற்றித் துணி, ஹெல்மெட்டுக்கு அடியில் ஒட்டும் தடுப்பு, வென்ட் எல்லாம் மூடி. 15 டிகிரி ஊரில் இது அருமையான யோசனை. ஜூலை மாதம் ஷேக் ஸாயித் சாலையில், 45 டிகிரியில் இதைச் செய்து பாருங்கள், அடுத்த சிக்னலில் மயக்கம் வந்துவிடும். அமைதியான ஹெல்மெட் எல்லாம் குளிர்நாட்டு விண்ட் டனலில் பிறந்தவை. நாம் இங்கே வைசரைத் திறக்கிறோம், வென்ட்டைத் திறக்கிறோம், சத்தத்தை உள்ளே கூப்பிடுகிறோம். நம் தோலைவிடச் சூடான காற்றுக்கு நம்மைக் குளிர்விக்கும் சக்தி கிடையாது. வியர்வை காய்வதால்தான் கொஞ்சம் இதம் கிடைக்கிறது. அந்தக் கொஞ்சத்தையும் விட யாருக்கு மனம் வரும்?

இதை எல்லாம் ஒரு பொழுதுபோக்காகத்தான் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு ராத்திரி பிரியாணி வரும்வரை. கொண்டுவந்த தம்பி கீழேயிருந்து போன் செய்து ஃபிளாட் நம்பர் கேட்டார். சொன்னேன். மறுபடி கேட்டார். கத்திச் சொன்னேன். கதவைத் திறந்தபோது, பையிலிருந்த கடைப் பெயரைப் பார்த்துத் தமிழ்தான் என்று அவரும், பேச்சைக் கேட்டு ராமநாதபுரம் பக்கம் என்று நானும் கண்டுபிடித்தோம். "மன்னிச்சுக்கங்கண்ணே, ராத்திரி ஆனா காது அடைச்சிருது. காலைல சரியாயிரும்" என்றார்.

காலையில் சரியாகிவிடும் என்பதுதான் இதில் ஏமாற்று. உள்காதில் நத்தை ஓடு போன்ற குழாய்க்குள் மயிரிழை போன்ற நுண்ணிய அணுக்கள் இருக்கின்றன. சத்தத்தில் அவை சோர்ந்து படுக்கும், தூங்கி எழுந்தால் நிமிரும். தினமும் அடித்தால் ஒரு நாள் சில எழுந்திருக்காது. மனிதனுக்கு அவை திரும்ப முளைப்பதில்லை. முதலில் போவது உயர்சுருதி. 'ச', 'த', 'ப' போன்ற மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பும். பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. பந்தய வீரர்களை 1990களில் சோதித்தபோது, அவர்கள் வயதுக்கு இருக்க வேண்டியதைவிடக் கேட்கும் திறன் குறைந்திருந்தது தெரிந்தது. பந்தய வீரர் ஓட்டுவது சில மணி நேரம். இந்தத் தம்பி ஓட்டுவது ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம்.

துபாயில் டெலிவரி பைக்குகள் 100 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. 2025 நவம்பரிலிருந்து பெரிய சாலைகளில் வேக லேன்களிலும் அவை போகக் கூடாது. சாலைப் போக்குவரத்து ஆணையம் அவர்களுக்காக ஏ.சி. போட்ட 40 ஓய்விடங்களையும் கட்டிக் கொடுத்திருக்கிறது. எல்லாம் விபத்துக்கும் வெயிலுக்கும் எதிராக. ஆனால் ஆறாம் அடுக்குக் கணக்கை வைத்துப் பார்த்தால், அந்த வேக வரம்பு காதுக்கும் உதவுகிறது. 60 கி.மீ. தூரத்தை 120-ல் போனால் 30 நிமிடம், 100-ல் போனால் 36. அந்த 6 நிமிடத்தைக் கொடுத்தால், காதில் விழும் மொத்தச் சத்தம் பாதிக்கும் கீழே போகிறது. வெயிலில் நின்று மொத்தத்தையும் தாள் போட்டு எழுதிப் பார்த்த பிறகு, நானும் வலது ஓரத்துக்கு மாறிவிட்டேன். வயதாகிவிட்டது என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

மீதியைச் செய்வது இந்த வரலாற்றிலேயே மலிவான பொருள். 1960களின் கடைசியில், அமெரிக்காவில் ராஸ் கார்ட்னர் என்ற வேதியியல்காரரும் அவர் குழுவும், அழுத்தினால் சுருங்கி மெதுவாக மீண்டு வரும் ஒரு நுரையைக் கண்டுபிடித்தார்கள். 1972-ல் அது காதடைப்பானாகக் கடைக்கு வந்தது, மஞ்சள் நிறத்தில். மருந்துக்கடையில் இன்றும் சில திர்ஹாம்தான். விரலால் மெல்லிய குச்சியாக உருட்ட வேண்டும். மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து நுழைக்க வேண்டும். அரை நிமிடம் விரலை எடுக்கக் கூடாது, அது உள்ளே விரியட்டும். பலர் அவசரமாக வாசலில் செருகிவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். வயர்லெஸ் இயர்பட் இதற்கு மாற்று இல்லை. காற்றை ஜெயிக்க அதில் சத்தத்தைக் கூட்டுவோம், இரண்டு பக்கமும் அடி.

ஆம்புலன்ஸ் கேட்குமா என்று நானும் பயந்தேன். அடைப்பான் காற்றையும் சைரனையும் சேர்த்தேதான் குறைக்கிறது, இரண்டுக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கிறது. வேகமாகப் போகும்போது சைரனை மூழ்கடித்துக்கொண்டிருந்தது காற்றுதானே.

அந்தத் தம்பி இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். ஒரு டப்பாவைக் கொடுத்து, வாசலிலேயே எப்படிப் போடுவது என்று காட்டினேன். ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டு சந்தேகமாகப் பார்த்தார்.

"மேப்புல பேசுற அக்கா குரல் கேக்குமாண்ணே? அதான் சோறு போடுது."

ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். கட்டடத்தைச் சுற்றி வந்தார், பிறகு சர்வீஸ் ரோட்டுப் பக்கம் போனார். திரும்பி வர நேரமானது. நான் லிஃப்ட் பக்கத்தில் பிரியாணியோடு நின்றுகொண்டிருந்தேன்.